விருந்தாளிக்கும் வாடகையா?

தாராவியில் நம்மவர் பலர் இன்று வீட்டுக்காரர்கள். தோல் ஷாப்பிலும் மில்லிலும் உழைத்து, தகரக் கோலியைச் செங்கல் கோலியாக்கி, மேலே ஒரு மாடி ஏற்றி, அந்த வாடகையில் கடைசிக் காலத்தைக் கழிப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் மாடியில் குடியிருப்பவரின் அண்ணன் ஊரிலிருந்து வந்து இரண்டு இரவு படுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதும், தராவிட்டால் கரண்டை நிறுத்துவதும் எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

இந்த நகரத்துக்கு விருந்தாளியாக வராமல் நம்மில் யார் வந்தோம்? நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தாதரில் இறங்கி, துண்டுச் சீட்டில் எழுதிய விலாசத்தோடு ஊர்க்காரர் கோலியைத் தேடிப் போனவர்கள்தானே! பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரன் படுத்தான். அந்தக் கோலிக்காரர் தலையை எண்ணியிருந்தால் நம்மில் பாதிப் பேர் அடுத்த வண்டியிலேயே திரும்பியிருப்போம்.

இன்றும் வருகிறவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். பரேலில் டாட்டா மருத்துவமனைக்குப் புற்றுநோயைக் காட்ட வருகிற சித்தப்பா. மகளின் பிரசவத்துக்குத் துணையாக வருகிற தாய். லாட்ஜுக்குக் கொடுக்கக் கையில் இருந்தால் இவர்கள் ஏன் அந்த இரும்பு ஏணியில் ஏறப் போகிறார்கள்?

வீட்டுக்காரர் பேச்சில் உண்மையே இல்லை என்பதல்ல. குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம். காலையில் பொதுக் கக்கூஸ் வரிசை எல்லாருக்கும் தெரியும். தான் ஒருவன் என்று சொல்லி அறை எடுத்து, எட்டுப் பேரை ஏற்றி, தலைக்கு வசூல் செய்யும் கெட்டிக்காரர்களும் உண்டு. அது உள்வாடகை. அவர்களுக்காக வாதாட நாம் வரவில்லை. ஆனால் குடியிருப்பவர் தன் அறையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு உறவினரைத் தங்க வைப்பது உள்வாடகை ஆகாது. நாலு நாள் படுத்தவன் கோலியில் உரிமை கேட்பான் என்ற பயத்துக்கு அடிப்படையே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, வாடகைதாரரின் தண்ணீரையும் மின்சாரத்தையும் தக்க காரணமின்றி நிறுத்தக் கூடாது என்கிறது. 55ஆம் பிரிவு, வாடகையானாலும் லீவ் அண்ட் லைசென்ஸ் ஆனாலும் எழுதிப் பதிய வேண்டும் என்கிறது. அது வீட்டுக்காரர் பொறுப்பு. பதியாமல் விட்டு வழக்கு வந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை, குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே செல்லும். வாய்ச்சொல்லில் விட்டுவிட்டு மிரட்டுகிற வீட்டுக்காரர்கள் இதை இரண்டு தடவை படிக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. தமிழனின் மச்சான் வந்தால் கண்டுகொள்ளாதவர், பீகார்க்காரரின் தம்பி வந்தால் மட்டும் ஏணியை மறிக்கிறார், "இவனுக வந்தாலே கூட்டம்" என்கிறார். 1966இல் சிவசேனை தோன்றிய பிறகு நம்மை மதராசி என்று விரட்டியவர்கள் பேசியதும் இதே பேச்சுதான். இதைக் கண்டிக்கிறோம்.

அறை விடும்போதே பேசுங்கள். விருந்தாளி எத்தனை இரவு தங்கலாம், எத்தனை நாளுக்கு மேல் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், அதிகப்படித் தண்ணீருக்கு உள்ளபடி என்ன செலவு, இவற்றை 11 மாத ஒப்பந்தத்திலேயே நாலு வரியாகச் சேர்க்கலாம். எழுத ஆள் இல்லாதவர்கள், வீட்டுக்காரரானாலும் குடித்தனக்காரரானாலும், ஞாயிறு மாலை சங்கத்துக்கு வரலாம். இருவரும் சேர்ந்தே வாருங்கள்.