பழனி என்றொரு பெயர்

குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோர் புரட்டும் கையேடுகளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பொருள் இருக்கும். ஆதித்யா என்றால் சூரியன். கிஷோர் என்றால் இளைஞன். பழனி? ‘முருகனின் தலம்’ என்பதோடு கையேடு நிறுத்திக்கொள்ளும். பொருள் கேட்டால் ஊரைக் கைகாட்டும் பெயர் அது.

ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த மாம்பழக் கதை. உலகைச் சுற்றி வந்த முருகனுக்குப் பழம் கிடைக்கவில்லை. தாய் தந்தையைச் சுற்றிய பிள்ளையார் தட்டிக்கொண்டு போனார். கோபித்துக்கொண்டு மலையேறிய மகனிடம் ‘பழம் நீ’ என்று சமாதானம் பேசினாராம் சிவன். ‘பழநி’ என்று ‘ந’ போட்டு எழுதுகிறவர்கள் இந்தக் கதையின் கட்சி.

இன்னொரு பதில் அகநானூற்றில் இருக்கிறது. அதன் முதல் பாட்டிலேயே ‘பொதினி’ என்ற இடம் வருகிறது. ஆவி என்ற தலைவனின் ஊர் அது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் அந்த ஆவியர் குலத்தவன்தான். பொதினிதான் மருவிப் பழனி ஆனது என்கிறார்கள் தமிழறிஞர்கள். மலையடிவாரக் கோயிலுக்கு இன்றும் வழங்கும் திருவாவினன்குடி என்ற பெயரை இதற்குச் சாட்சியாக அழைக்கிறார்கள்.

ஆனால் மகனுக்குப் பழனி என்று பெயர் வைத்த எந்தத் தகப்பனும் அகநானூற்றைப் புரட்டிவிட்டு வைக்கவில்லை. பெரும்பாலும் அது நேர்த்திக்கடன். பிள்ளை வேண்டும் என்றோ, பிறந்த பிள்ளை பிழைக்க வேண்டும் என்றோ வேண்டிக்கொண்டு, சுமார் 700 படி ஏறி, முடி இறக்கிவிட்டு வந்தவர்கள் சாமியின் பெயரோடு ஊரையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெண் பிறந்தால் பழனியம்மாள்.

பெயரின் வால் ஓரளவு வட்டாரத்தையும் சொல்லிவிடும். பழனிச்சாமி என்றால் கொங்கு நாடாக இருக்கலாம். பழனியப்பன் என்றால் செட்டிநாடு நினைவுக்கு வரும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிக் காவடியோடு பழனிக்கு நடக்கும் நகரத்தார் வீடுகளில் அது தலைமுறை தலைமுறையாக வரும் பெயர். எல்லாவற்றையும் துறந்து கோவணத்தோடு நிற்கும் ஆண்டியை நினைத்து வைத்தது பழனியாண்டி. ஆனால் வெறும் பழனி எந்தச் சாதியையும் சொல்லாது. பண்ணையாரும் பழனி, பண்ணையாளும் பழனி.

அரசியலிலும் இந்தப் பெயருக்குக் குறைவில்லை. 1996 முதல் 2001 வரை சட்டப்பேரவைத் தலைவராக இருந்தவர் பி.டி.ஆர். பழனிவேல் ராஜன். 2017 முதல் 2021 வரை முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமிக்கோ பெயரின் முன்னாலும் ஊர், பின்னாலும் ஊர். கடல் கடந்து, மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவர் பதவியில் ஒரு ஜி. பழனிவேல் இருந்தார். சிவாஜி கணேசன் 1965இலும் பரத் 2008இலும் இதே தலைப்பில் படம் நடித்தார்கள்.

இவர்கள் எல்லோரையும்விட வியப்பானவர் 1831இல் பிறந்த டாக்டர் எஸ். பழனியாண்டி. பிரிட்டனுக்குப் போய் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியர்களில் ஒருவர். ஆங்கிலேயர் வாயில் ‘ழ’ நுழையாததால் பழனி மலை ‘புல்னி’ ஆனது. ஆவணங்களில் இவரும் ‘புல்னி ஆண்டி’ ஆனார். 1863இல் கிறிஸ்தவரானார். 1886இல், வெளிநாட்டு மிஷன்களின் பிடியில் இல்லாத ‘தேசிய திருச்சபை’யைச் சென்னையில் தொடங்கினார். மதம் மாறியவர் பெயரை மாற்றவில்லை. சபையை நடத்தியவரும் பழனியாண்டிதான்.

தேம்ஸ் நதியைக் கடந்தும் மதம் மாறியும் பிழைத்த பெயருக்கு இப்போது வேறு திசையிலிருந்து நெருக்கடி. மும்பையிலும் தில்லியிலும் பள்ளி வருகைப் பதிவேட்டில் ‘பலானி’ என்று கூப்பிடப்பட்டே வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எந்த மொழிக்காரர் வாயிலும் வழுக்கிக்கொண்டு போகும் பெயரைத் தேடுகிறார்கள். ஊரிலேயே இருப்பவர்களுக்கு அது தாத்தா காலத்துப் பெயர். இத்தனைக்கும் பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். அந்த வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களில் பழனியப்பன் தப்பிப்பான்.

மற்ற இடங்களில் பழனிச்சாமியின் மகன் பி. ராஜேஷ், ராஜேஷின் மகன் ஆர். ரித்விக். முதலில் முழுப் பெயராக இருந்தது, அடுத்து ஓர் எழுத்தாக நின்று, மூன்றாவது தலைமுறையில் அதுவும் போய்விட்டது.

ஆனாலும் ரித்விக்குக்கு முதல் மொட்டை போடும் நாள் வந்தால் குடும்பம் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவது பழனிக்குத்தான்.