கேட்ட பின் பேசுவோம்!

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்

அறிவியல் மனித குலத்துக்கு அளித்த கொடைகளுள் வானொலியும் ஒன்று என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் வானொலி என்றாலே யாரோ பேச நாம் கேட்பது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நாமும் பேசலாம். மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்றுவிட்டால், வீட்டு மொட்டை மாடியில் நின்றபடியே ஊரோடும் உலகோடும் பேசலாம். ஊதியமோ இலாபமோ கருதாமல் இப்படிப் பேசுவோரை உலகம் ‘ஹாம்’ என்று அழைக்கிறது. அவர்கள் வானில் கடைப்பிடிக்கும் பேச்சு ஒழுக்கத்தைப் பற்றி என் கருத்தை நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவ்வொழுக்கம் நாகரிகப் பூச்சு அன்று. அது எளியவனுக்குக் காவல். அதே ஒழுக்கம் எளியவனை அடிக்கும் கோலாக மாறிவிடவும் கூடாது. இவ்விரண்டுமே நான் சொல்ல வந்தவை.

சென்னைக்கு இக்கலை புதிதன்று. 1924ஆம் ஆண்டிலேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி, அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே ஒலிபரப்பும் செய்தனர். பணமுடையால் 1927இல் அது நின்றது. கழகத்தின் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. ‘அகில இந்திய வானொலி’ என்ற பெயர் பிறந்ததோ 1936இல்தான். அரசுக்கு முன்பே ஆர்வலர்கள் வழி காட்டிய நகரம் நம்முடையது.

இனி, ரிப்பீட்டர் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். கையடக்கக் கருவிகள் பயன்படுத்தும் இரண்டு மீட்டர் அலைகள், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள், ஏறத்தாழ ஒளியைப் போல் நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறித்துவிடும். நாம் வகுப்பில் போடும் கணக்குதான் இது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். தலைக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்தால் தொடுவானம் 5 கிலோமீட்டர். நம் பகுதியில் அதற்குள்ளும் அடுக்குமாடிகள் மறிக்கின்றன. வானகரத்தில் தரையில் நின்று அழைத்தால் ஆவடிக்கு எட்டாது. ஆனால் 1500 மீட்டர் உயரமுள்ள மலைமேல் நின்றாலோ தொடுவானம் 138 கிலோமீட்டர்! ஆகவேதான் ஏற்காடு, கொடைக்கானல் போன்ற மலைகளிலும், சமவெளி நகரங்களில் உயர்ந்த கட்டடங்களின் உச்சியிலும் ஹாம்கள் ரிப்பீட்டர்களை நிறுவினார்கள். நம் மெல்லிய குரலை ஓர் அதிர்வெண்ணில் வாங்கி, அதே நொடியில் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வேறோர் அதிர்வெண்ணில் வலுவாகத் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. ஊர்ப் பொதுக்கிணறு போல அது எல்லோருக்கும் பொது. ஆனால் கிணற்றில் நான்கு உருளைகள் இருக்கும். இங்கே ஒரே உருளை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நீர் இறைக்கலாம்.

இருவர் ஒன்றாகப் பேசினால் என்ன ஆகும்? எங்கள் வானகரம் மீன் அங்காடிக்கு விடியற்காலையில் வந்து பாருங்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் விலை கூவினாலும், வாங்க வந்தவரின் காது தனக்கு வேண்டிய குரலைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். ரிப்பீட்டருக்கு அந்தக் காது இல்லை. இங்கே வழங்குவது எஃப்.எம். என்னும் அதிர்வெண் பண்பேற்றம். இம்முறையில் ஒரே அதிர்வெண்ணில் இரண்டு அலைகள் வந்து சேர்ந்தால், வலியது மெலியதை விழுங்கிவிடுகிறது. மெலிந்த குரல் இரைச்சலாகக்கூடக் கேட்பதில்லை. அப்படி ஒருவன் அழைத்தான் என்பதற்குச் சுவடே இராது. விமானிகள் இன்றும் பயன்படுத்தும் வீச்சுப் பண்பேற்றத்தில் இரு குரல்கள் மோதினால் சீழ்க்கை போன்ற ஓர் ஒலியாவது எழும். வேறு யாரோ அழைக்கிறார்கள் என்பதாவது தெரியும். எஃப்.எம்.மில் அந்த எச்சரிக்கையும் இல்லை. மாடியில் உயர்ந்த ஆண்டெனாவும் ஐம்பது வாட் கருவியும் வைத்திருப்பவர் பேசிக்கொண்டே இருந்தால், தெருவில் ஐந்து வாட் கைக்கருவியோடு நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் உலகுக்கு அவன் ஊமைதான்.

ஹாம்களின் ஒழுக்கம் எல்லாம் இந்த இயற்பியல் உண்மையிலிருந்தே பிறக்கிறது. பேசுவதற்கு முன் சற்றுநேரம் கேள், யாரேனும் பேசிக்கொண்டிருக்கலாம். பொத்தானை அழுத்தி அரை நொடி பொறுத்துப் பேசு. இல்லையேல் ரிப்பீட்டர் விழிப்பதற்குள் முதற்சொல் தொலைந்துவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் உன் அழைப்புக் குறியைச் சொல். முகமறியா வெளியில் அதுவே உன் முகம். குறி சொல்லாமல் பொத்தானை வெறுமனே அழுத்தி விளையாடாதே. சுருக்கமாகப் பேசு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் முடித்ததும் உடனே பாயாமல் ஓரிரு நொடி இடைவெளி விடு. அந்த இடைவெளிதான் மெலிந்த குரலுக்கான வாசல். விபத்தில் சிக்கியவனோ நோயாளியோடு தவிப்பவனோ அந்த ஓரிரு நொடியில்தான் உள்ளே வர முடியும். திருக்குறளில் பயனில சொல்லாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் மண்ணில் பிறந்த நமக்கு இதையெல்லாம் பிறர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

“கைக்குக் கை செல்போன் இருக்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். 2015 டிசம்பரை மறந்துவிட்டோமா? அம்மாதத்தின் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரம் நின்றது. செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நான் அப்போது பள்ளிச் சிறுவன். உயிரற்ற போனைக் கையில் வைத்துக்கொண்டு உறவினர் நிலை தெரியாமல் என் தாயார் அழுததை மறக்கவில்லை. அந்நாட்களில் ஹாம்கள் தம் கருவிகளோடு செய்திகளைக் கடத்தி உதவினர். அதற்கும் முன்பு, 2004 டிசம்பரில், ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த திருமதி பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானிலிருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அரிதாக வானில் ஒலிக்கும் அத்தீவோடு ஒரு சொல்லேனும் பேசிவிட உலகெங்கும் ஹாம்கள் முண்டியடித்த நேரம் அது. 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியது. அதுவரை பொழுதுபோக்காக இருந்த நிலையம், தீவின் துயரச் செய்தியை வெளியுலகுக்குக் கொண்டு செல்லும் பாலமாயிற்று. பேசியவர்களின் தொண்டைப் போற்றுகிறோம்; ஆசையை அடக்கிக்கொண்டு வாய்மூடி அலைவரிசையை விட்டுக்கொடுப்பதும் தொண்டே அல்லவா?

இனி மறுபக்கம். என் தந்தையார் சுமை தூக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் கருவி வாங்கி, உரிமமும் பெற்று, முறைப்படி கேட்டு, குறி சொல்லி, முதல் முறையாகத் தமிழில் அழைத்தேன். “இது டீக்கடை இல்லை தம்பி, இங்கிலீஷில் பேசக் கற்றுக்கொண்டு வா” என்றது ஒரு மூத்த குரல். அதன் பிறகு யாரும் பதில் தரவில்லை. மறைமொழி கூடாது, வெளிப்படையாகப் புரியும் மொழியில் பேசு என்பது வானொலி விதி. தமிழ்நாட்டில் தமிழைவிட வெளிப்படையான மொழி எது? வெள்ளத்தில் கூரைமேல் நிற்கும் பாட்டி இலக்கண சுத்தமான ஆங்கிலத்திலா உதவி கேட்பார்? பல நாடுகளோடு பேச ஆங்கிலம் வேண்டும், கற்போம். ஆனால் பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூருக்குப் பேச அது நுழைவுச் சீட்டு ஆகக் கூடாது. வலிய அலை மெலிய அலையை விழுங்குவது இயற்கை. வலிய மனிதர் மெலியவரை விழுங்குவது இயற்கையன்று. அது நாம் செய்வது.

மூத்தவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. இரவு பகல் பாராமல் உழைத்து, கைப்பணம் செலவிட்டு ரிப்பீட்டர்களைக் காத்து வருபவர்கள் அவர்களே. அந்தக் கண்டிப்பு இல்லாவிடில் இன்று அலைவரிசை சந்தைக்கடை ஆகியிருக்கும். நான் வேண்டுவது ஒன்றுதான்: புதியவன் வழுவினால் வானில் எல்லோரும் கேட்க ஏசாதீர்கள்; முதலில் அவன் அழைப்புக்குப் பதில் சொல்லுங்கள்; பிறகு தனியே திருத்துங்கள். வகுப்பில் தவறாக விடை சொன்ன மாணவனை நம் நல்லாசிரியர்கள் அப்படித்தானே நடத்துகிறார்கள்!

நம் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். இயற்பியல் ஆய்வகத்தின் மாடியில் ஓர் ஆண்டெனா நிறுவி, மாணவர் ஹாம் கழகம் ஒன்று தொடங்கலாம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், ஆண்டுக்குப் பத்து மாணவர்களையாவது உரிமத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்த முடியும். நம்மில் பலர் வீட்டில் படித்தவர் துணையின்றி வந்தவர்கள். நம் குரலுக்கு இடைவெளி விட யாரேனும் காத்திருக்கமாட்டார்களா என்று ஏங்கியவர்கள். அந்த ஏக்கம் அறிந்த நாமே நல்ல ஹாம்களாக விளங்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் தொடங்குவோம், நண்பர்களே! முதலில் கேட்போம், பின்பு பேசுவோம், பேசியபின் அடுத்தவருக்கு ஓரிரு நொடி வாசலைத் திறந்து வைப்போம்.