அயல் வீட்டு நாயும் இரண்டு ஆண்டுக் கணக்கும்

எமது நண்பரின் தாயார் கோயிலுக்குப் போய் ஒழுங்கை வழியே திரும்பிக்கொண்டிருந்தார். அயல் வீட்டுப் படலை திறந்து கிடந்தது. பாய்ந்து வந்த நாய் காலைக் கவ்விற்று. தடுமாறி விழுந்த முதியவரின் மணிக்கட்டும் முறிந்தது.

காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரிற் கழுவினர். ஆசுப்பத்திரியில் தடுப்பூசியும் ஏற்றுவித்தனர். விசர்நாய் நோயின் குறி தோன்றிய பின் மருந்து பலியாதாதலால், வைத்தியருக்கு அடுத்த இடமே சட்டத்தரணிக்கு உரியது. ஆனால் நண்பர் அடுத்த இடத்துக்குப் போகவேயில்லை. 'அயலாரோடு பகை எதற்கு?' என்று பொலிசில் முறையிடவும் கூசினார். செலவைத் தருவதாகச் சொன்ன நாய்க்காரரோ நாளடைவில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஈற்றில் நண்பர் சட்டத்தரணியிடம் சென்றபோது இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் கழிந்திருந்தன. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இத்தகைய நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டே தருகிறது. (வயது வராத பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு.)

நண்பரை வருத்தியது, வழக்கு வலுவானது என்று சட்டத்தரணி சொன்னதுதான். யாழ்ப்பாணத்தவராயினும் நாய்க்கடிக்குத் தேசவழமை உதவாது. இங்கு ஆளுவது உரோமன் டச்சுச் சட்டம். வீட்டு விலங்கு தன் இனத்தின் சாதுவான இயல்புக்கு மாறாகப் பிறருக்கு ஊறு செய்தால் உடையவனே பொறுப்பு என்பது, ஏறக்குறைய கி.மு. 450 இல் எழுந்த பன்னிரு பலகைச் சட்டத்திலிருந்து வளர்ந்த விதி. உடையவனின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. பழைய ஆங்கிலச் சட்டத்திலோ, நாயின் கெட்ட குணத்தை அவன் முன்னரே அறிந்திருந்தான் என்று காட்டவேண்டியிருந்தது. உரோமன் டச்சுச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவிலும் 1927 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒரு நாய்க்கடி வழக்கில், அப்பழைய விதி இன்னும் உயிருடன் உள்ளதென்றே தீர்த்தது.

ஆயினும் நாயைச் சீண்டியவரும் உரிமையின்றி வளவினுள் நுழைந்தவரும் இவ்விதியின் பயனைப் பெறார். அதைவிடப் பெருந்தொல்லை, நாய் யாருடையது என்பதே. கடிக்கும்வரை பெயர் சொல்லி அழைத்துச் சோறிட்டவர், கடித்த மறுநாள் 'அது தெருநாய், இரக்கத்தால் உணவிட்டோம்' என்பார். உடைமையை நிலைநாட்டாவிடின் இவ்வழக்கு நில்லாது. ஆகையால் நாய் எவ்வீட்டில் வளர்ந்தது, யார் ஊசி போடுவித்தார் என்பதை, சம்பவம் அயலவர் நெஞ்சில் பசுமையாயிருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆசுப்பத்திரி அட்டை, மருந்துப் பற்றுச்சீட்டு, காயத்தின் படம் ஆகியவற்றுடன் செல்பவருக்குச் சட்டத்தரணி அரைமணியில் வழி சொல்லிவிடுவார்.

யாரிடம் செல்வது? முன்னர் பிரக்கிராசி, நியாயதுரந்தரர் என இருவகையினர் இருந்தனர்; 1973 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விரு வகுப்பையும் ஒன்றாக்கிற்று. பேர்போன கொழும்புச் சட்டத்தரணியைத் தேடவேண்டா. நம்மூர் மாவட்ட நீதிமன்றில் குடியியல் வழக்குப் பேசுபவர் போதும். கடிதத்துக்கு எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு என்று முதல் நாளே கேட்க வெட்கப்படலாகாது. கட்டணம் கோரும் நட்டஈட்டை விழுங்கிவிடும் வழக்குகளும் உள. கையிற் பணமில்லாதவர் 1978 இல் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பகைக்கு அஞ்சுவோர் ஒன்றறிக. சட்டத்தரணி முதலில் எழுதுவது பெரும்பாலும் ஒரு கோரிக்கைக் கடிதமே. தொகை சிறிதாயின் 1988 ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியஸ்த சபைக்கு முதலிற் போகவேண்டும். அங்கே இரு வீட்டாரும் நேரிலமர்ந்து பேசுவர். முகத்தைத் திருப்பிக்கொண்ட அயலாரை மீண்டும் முகம்நோக்கிப் பேசவைக்க நண்பருக்கு அது ஒரு வாய்ப்பாயிருந்திருக்கும்.

தாயார் இன்றும் அவ்வொழுங்கையைத் தவிர்த்துச் சுற்றுவழியாகவே கோயிலுக்குப் போகிறார்.