டீசல் காரும் குடாநாட்டுக் குடும்பக் கணக்கும்

வீடு கட்டுவதற்கும் பிள்ளைகளின் திருமணத்துக்கும் அடுத்தபடியாக யாழ். குடாநாட்டுக் குடும்பமொன்று பெருந்தொகைப் பணத்தை ஒரே தடவையில் செலவிடும் காரியம் வாகனக் கொள்வனவேயாகும். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடை, வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய பணம், அடகு வைத்த நகை, லீசிங் கம்பனியின் கடன் ஆகியன ஒன்று சேர்ந்தே முற்றத்தில் ஒரு காராக வந்து நிற்கின்றன. அவ்வாறு வாங்குவோரில் பலர் இன்னமும் பழைய டீசல் காரையோ வானையோ தேடி அலைகின்றனர். டீசல் என்றால் செலவு குறைவு என்ற நீண்டகால நம்பிக்கையே அதற்குக் காரணம். அந்த நம்பிக்கை இன்றைய நிலைமைக்குப் பொருந்துகின்றதா என்பதை நிதானமாகப் பரிசீலிக்க வேண்டியுள்ளது.

இந்த நம்பிக்கை வெறுமனே உருவானதல்ல. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றறிகளும் அடங்கியிருந்தன. மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. சிறிய போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி இயந்திரத்தை உயிர்ப்பித்த அனுபவம், அன்று மோட்டார் சைக்கிள் வைத்திருந்த எவருக்கும் மறந்திருக்காது. எரிபொருளைத் துளித்துளியாக எண்ணிப் பழகிய ஒரு சமூகம், ஒரு லீற்றரில் கூடிய தூரம் ஓடும் வாகனத்தை விரும்பியதில் வியப்பில்லை.

வாகனம் என்பது நம்மவருக்குப் பயண வசதி மட்டுமன்று. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, வீடுகளையும் கடைகளையும் தலைமுறைகளாகத் தேடிய பொருளையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சியை நோக்கி நகர்ந்தனர். முதியவரையும் நோயாளியையும் எதில் ஏற்றிச் செல்வது என்ற கேள்விக்கு விடையின்றித் தவித்த குடும்பங்கள் இரு சமூகங்களிலும் உண்டு. ‘வீட்டில் ஒரு வாகனம் நிற்கட்டும்’ என்று பெரியவர்கள் இன்றும் கூறுவதன் பின்னால் இந்த நினைவும் இருக்கின்றது.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது தென்னிலங்கையிலிருந்து ஜப்பானியப் பழைய வாகனங்கள் குடாநாட்டுக்கு வரத் தொடங்கின. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்து பாதை முழுமையாகத் திறக்கப்பட்ட பின்னரோ, வாகனங்களுடன் லீசிங் கம்பனிகளும் அணியணியாக வந்திறங்கின. ரொயோட்டா கொரொல்லா, நிசான் சனி, ரவுண் ஏஸ், ஹை ஏஸ் ஆகியவற்றின் டீசல் வகைகள் குடும்பத்துக்கும் தொழிலுக்கும் ஒருங்கே உதவுவனவாகக் கருதப்பட்டன. அன்று பெற்றோலுக்கும் டீசலுக்கும் இடையே பெரும் விலை வித்தியாசம் இருந்தமையால், அந்தத் தெரிவு சரியானதாகவே இருந்தது.

இன்று அந்த வித்தியாசம் என்னவாயிற்று? 2021 டிசம்பர் இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 177 ரூபா, ஒட்டோ டீசல் 121 ரூபா. 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபா, டீசல் 460 ரூபா. 56 ரூபாவாக இருந்த இடைவெளி ஆறே மாதங்களில் 10 ரூபாவாகச் சுருங்கியது. அதன் பின்னர் இரண்டின் விலைகளும் இறங்கிய காலத்திலும் பழைய விகிதம் திரும்பி வரவில்லை.

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீற்றர் ஓடும் குடும்பமொன்று, லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் காரையும் 15 கிலோமீற்றர் ஓடும் டீசல் காரையும் ஒப்பிடுகின்றது என்று கொள்வோம். 2021 டிசம்பர் விலையில் பெற்றோல் காருக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 147,500 ரூபா, டீசல் காருக்கு 80,700 ரூபா. மிச்சம் 45 சதவீதம். 2022 ஜூன் விலையில் மிச்சம் 22 சதவீதம் மாத்திரமே. ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீற்றர் மட்டுமே ஓடுபவருக்குக் கிடைக்கும் மிச்சம் இதிலும் பாதி. இயந்திரத்தில் ஏற்படும் ஒரேயொரு பெரிய பழுது, பல ஆண்டுகளின் மிச்சத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

அத்தகைய பழுதுக்கான வாய்ப்பும் ஆண்டுதோறும் கூடி வருகின்றது. ஜப்பானில் டீசல் பயணிகள் கார்கள் 2000களின் முற்பகுதியிலேயே ஏறக்குறைய மறைந்துவிட்டன. ஆகவே நமது சந்தையில் கைமாறும் டீசல் கார்களில் பெரும்பாலானவை இருபது, முப்பது வயதைக் கடந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு அனுமதி மீண்டும் வழங்கப்படும் வரையான ஐந்தாண்டு காலத்தில், இந்த முதிய வாகனங்களின் விலை இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. இறக்குமதி வரிகள் கடுமையாக இருப்பதனால் அந்த விலை இன்னும் முறையாகத் தணியவில்லை.

குடாநாட்டுக்கே உரிய இரண்டு பகைகளையும் இங்கு குறிப்பிடவேண்டும். முதலாவது நமது தண்ணீர். சுண்ணாம்புப் பாறையின் மேல் அமைந்த குடாநாட்டின் கிணற்று நீர் வன்மையானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது போலவே றேடியேற்றரின் குழாய்களிலும் அது படிகின்றது. குழாய்கள் அடைபட்டால் இயந்திரம் சூடேறும். ரொயோட்டாவின் ‘2சி’ போன்ற பழைய டீசல் இயந்திரங்களின் அலுமினியத் தலைப்பகுதி அளவுக்கு மீறிய சூட்டில் வெடிக்கும் இயல்புடையது என்பதை எந்தக் கராஜிலும் கூறுவர். இரண்டாவது உப்புக் காற்று. தீவகத்திலும் வடமராட்சிக் கரையோரத்திலும் ஓடிய வாகனத்தின் அடித்தளத்தைக் குனிந்து பாராமல், மேற்பூச்சின் பளபளப்பைக் கண்டு பணம் கொடுப்பது அறிவீனம்.

ஆதலால் வாங்கச் செல்பவர் காலை வேளையில், இயந்திரம் முற்றாகக் குளிர்ந்திருக்கும்போதே செல்லவேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைக்கப்பட்ட வாகனம் தன் நோயை மறைத்துவிடும். உயிர்ப்பிக்கச் சிரமப்பட்டால் அமுக்கம் குறைந்திருக்கலாம். நீல நிறப் புகை ஒயில் எரிவதையும், தொடர்ந்து வரும் வெள்ளைப் புகை எரியாத டீசலையோ உட்புகுந்த தண்ணீரையோ காட்டும். ஏற்றும்போது வரும் கரும்புகை இன்ஜெக்ரரின் குறைபாடாகவோ அடைபட்ட காற்று வடியாகவோ இருக்கலாம். இயந்திரம் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் புகை உந்தி வெளிவருகின்றதா என்றும் பார்க்கவேண்டும். ரைமிங் பெல்ற் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு வாய்ச்சொல் போதாது. பற்றுச்சீட்டைக் கேட்கவேண்டும்.

இயந்திரத்தைக் காட்டிலும் கடுமையான சிக்கல் பத்திரங்களில் உண்டு. பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட திறந்த பத்திரத்துடன் நான்கைந்து கை மாறிய வாகனங்கள் இங்கு ஏராளம். பதிவுப் புத்தகத்திலுள்ள உரிமையாளர் காலமாகியிருக்கலாம். கனடாவிலோ பிரான்சிலோ குடியேறியிருக்கலாம். முழு உரிமையாளராக ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீராத வாகனத்தை வாங்கியவர் அதைப் பறிகொடுக்க நேரிடும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தைச் சரிபார்த்து, இயந்திர இலக்கத்தையும் சட்டக இலக்கத்தையும் ஒப்பிட்ட பின்னரே முற்பணம் கொடுக்கப்படவேண்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் அவசியமாதலால், அதில் தோற்கும் டீசல் வாகனம் முற்றத்துக் காட்சிப்பொருளாகிவிடும் என்பதும் கவனத்துக்குரியது.

கடன் விடயத்திலும் அவதானம் தேவை. போருக்குப் பின்னர் லீசிங் தவணை கட்ட முடியாமல் வாகனத்தையும் கட்டிய பணத்தையும் இழந்த குடும்பங்களின் துயரம் நாம் அறியாததல்ல. வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் சகோதரர்களுக்கு ‘இஜாரா’ முறையிலான வாடகை உடன்படிக்கைகள் நாட்டில் நடைமுறையிலுள்ளன. எம்முறையாயினும், தவணை தவறினால் என்ன நடக்கும் என்ற பகுதியை வாசித்து விளங்கிய பின்னரே கையொப்பமிடவேண்டும்.

வாங்குபவரின் பணப்பையோடு முடியும் விவகாரமும் அல்ல இது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், அங்கிருந்த மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பெரிய நிறுவனத்தைக் குறைகூறும் நாம், நமது வாகனத்திலிருந்து வடித்த கழிவு ஒயில் எந்த மண்ணில் ஊற்றப்படுகின்றது என்பதையும் கேட்கவேண்டும். சுண்ணாம்புப் பாறையினூடாக அது இறங்கும் இடம் நாம் குடிக்கும் கிணறே.

அவ்வாறாயின் டீசல் வாகனமே வேண்டாமா? கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் அடிக்கடி ஓடுபவருக்கும், வாகனத்தைக் கொண்டே தொழில் செய்பவருக்கும் நல்ல நிலையிலுள்ள டீசல் வான் இன்றும் பயனுடையதே. பாடசாலைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும், இடையிடையே பருத்தித்துறையிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்கும் ஓடுவதற்கெனில், சிறிய பெற்றோல் கார் ஒன்றே சுமை குறைந்தது.

வாகனத்தைப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை தரும் நடுநிலையான, கட்டணம் குறைந்த நிலையமொன்று வடக்கில் அமைவதும் அவசியம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் மோட்டார்த் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகின்றது. அத்தகைய நிறுவனங்களுடன் இணைந்து மாகாண நிர்வாகம் இதனைச் செய்யலாம். தரகரின் சொல்லையும் உறவினரின் ஊகத்தையும் நம்பி ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுக்கும் நிலை அப்போதுதான் மாறும். இருமுறை வெறுங்கையுடன் வீதிக்கு வந்த மண் இது. இங்கு தேடிய பொருளை அறியாமையினால் இழப்பதற்கு எந்தக் குடும்பத்திடமும் மிச்சம் இல்லை.