வெட்டுப்புள்ளிக்கு முன்னால் ஒரு வகுப்பறை

இலங்கையில் மருத்துவ பீடத்துக்கெனத் தனியான நுழைவுத் தேர்வு கிடையாது. க.பொ.த. உயர்தரப் பரீட்சையே அந்த வாசல். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களின் புள்ளிகளும் இசட் புள்ளியாக மாற்றப்பட்டு, நான்கு தசமதானம் வரை கணிக்கப்படுகின்றன. தசமதானத்தில் ஒரு சிறு வேறுபாடு ஒருவரை வைத்தியராக்கும். இன்னொருவரை மீண்டும் பரீட்சைக்கு அனுப்பும். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைக்கு மேல் தோற்றவும் இயலாது.

மருத்துவ பீட இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கேற்பவும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. அம்பாறை அந்தப் பதினாறில் ஒன்று.

1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தலையும், 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டையும் நம்மவர்கள் ஒரே மூச்சில் கண்டிப்பதுண்டு. முதலாவது அநீதி என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. இரண்டாவதை அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். யாழ்ப்பாணத்துக்குக் காயமாக அமைந்த அதே ஏற்பாடு, கிழக்கிலும் வன்னியிலும் சில பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது. இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பர். ஆனாலும் உண்மை அதுதான்.

எனது குறை வேறு. மாவட்டம் என்ற அளவுகோல் மிகவும் பருமனானது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். உள்நாட்டில் சிங்கள ஊர்கள். கரையோரத்தில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்கள். இடையே காரைதீவும், தெற்கே தம்பிலுவிலும் திருக்கோவிலுமாகத் தமிழூர்கள். எல்லாப் பிள்ளைகளும் போட்டியிடுவது ஒரே ஒதுக்கீட்டுக்கு.

கல்முனையில் நீண்டகாலமாக வேரூன்றிய கல்லூரிகள் உண்டு. அவற்றைச் சுற்றி ரியூசன் வகுப்புகளும் வளர்ந்துள்ளன. தம்பிலுவில் பிள்ளை அந்த வகுப்புகளை நாடினால் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர் கடந்து பஸ்ஸில் போக வேண்டும். இருட்டியபின் திரும்பும் மகளுக்காகத் தாய் வீதியில் நிற்க வேண்டும். தங்கவேலாயுதபுரம் போன்ற உட்கிராமத்துப் பிள்ளைக்குத் தம்பிலுவிலே தூரம். 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த கரை இது. 2009 வரை யுத்தத்தையும் சுமந்த மண். மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு இந்தத் தூரங்கள் தெரியாது.

தமிழ்நாட்டில் 2020இல், நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வழங்கப்பட்டது. அங்கே அளவுகோல் மாவட்டமன்று. பிள்ளை அமர்ந்து படித்த வகுப்பறை. அந்தப் பார்வை எனக்கு உவப்பானது.

அப்படியானால் அம்பாறையின் ஒதுக்கீட்டையும் கல்வி வலயவாரியாக உடைக்கலாமே என்று கேட்கலாம். கூடாது என்பேன். இந்த மாவட்டத்தில் ஊர்க்கணக்கு மறுநாளே இனக்கணக்காகிவிடும். ஒரே மொழியில் பரீட்சை எழுதும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஓர் இடத்துக்காக ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வேண்டாம். பங்கு பிரிக்கும் வேலையைப் பரீட்சைக்குப் பிறகு செய்வதைவிட, வாய்ப்புப் பிரிக்கும் வேலையை இரண்டு ஆண்டுகள் முன்னதாகச் செய்வது நல்லது. பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் நிலையான ஆசிரியர், உண்மையில் பயன்படும் ஆய்வுகூடம், மாலை வகுப்பு முடிந்ததும் வீடு சேர்க்கும் ஒரு பஸ்: பட்டியல் இவ்வளவு சிறியது.

பெறுபேறு வெளியாகும் நாளில் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கேள்வி, மாவட்டத்தில் முதலிடம் யாருக்கு என்பதே. எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று எவரும் கேட்டு நான் அறியேன்.

புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களுக்கும் இதையே சொல்வேன். வென்ற பிள்ளைக்குப் பதக்கம் அணிவிக்க ஆயிரம் பேர் வருவர். இன்னும் எழுதாத பிள்ளைக்கு ஓர் ஆசிரியரின் இரண்டாண்டுச் சம்பளத்தை யார் பொறுப்பேற்பது? முதலில் அதைத் தீர்மானியுங்கள். பதக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.