ஏலத்தில் போன நாற்காலிகள்

சண்டீகர் அரசு அலுவலகங்களில் எழுத்தர்கள் அமர்ந்து தேய்த்த மர நாற்காலிகள் இன்று பாரீஸ், லண்டன், நியூயார்க் ஏலக்கூடங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகின்றன. உடைந்த அலமாரிகளோடு சேர்த்து, கழிவுப் பொருள் எனக் கூறி நம் அலுவலகங்களே அற்ப விலைக்கு விற்றவை அவற்றுள் பல. விதிப்படிதான் விற்றார்கள், வேதனையே அதில்தான் இருக்கிறது.

பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதிய தலைநகராக 1950-களில் எழுந்த நகரம் சண்டீகர். அதை வடிவமைத்த லெ கார்பூசியேயின் உறவினரான பியர் ழான்னரே, 1965 வரை அங்கேயே தங்கிப் பணியாற்றியவர். செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் என எல்லாவற்றுக்கும் நாற்காலியும் மேசையும் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. ழான்னரேயும், யூலி சௌத்ரி உள்ளிட்ட இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வடிவங்களை வரைந்தனர். செய்து கொடுத்தவர்கள் உள்ளூர்த் தச்சர்கள்.

கவராயத்தை விரித்து வைத்தாற்போன்ற சாய்ந்த கால்கள். கரையானுக்கு எளிதில் இரையாகாத தேக்கு. வட இந்தியக் கோடையில் முதுகுக்குக் காற்றுவிடும் பிரம்புப் பின்னல். அலங்காரச் செதுக்கல் ஏதுமில்லை. அதனாலேயே வேலை கடினம். பூவேலைப்பாடு இணைப்பின் பிழையை மறைத்துவிடும். வெறும் மரத்தில் ஒரு மயிரிழை இடைவெளியும் கண்ணை உறுத்தும். கால் சாய்வாக நிற்கும்போது கழுந்தையும் துளையையும் அந்தச் சாய்வுக்கு ஏற்பவே வெட்ட வேண்டும். கையால் செய்தவை என்பதால் ஒரே வடிவத்தைச் சேர்ந்த இரு நாற்காலிகள் கூட அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. தச்சர்களின் பெயர்களோ ஏலப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. ழான்னரேயின் பெயருக்கே விலை. அலுவலகக் கணக்குக்காக நாற்காலியின் மீது வெள்ளைச் சாயத்தில் எழுதிய துறைப் பெயரும் எண்ணும் அங்கே அசல் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. நம் குமாஸ்தாவின் எழுத்துக்கு இப்படியொரு மதிப்பு!

இவற்றை விற்கவும் வெளியே கொண்டுசெல்லவும் 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் தடை விதித்தது. நகரின் தலைமைச் செயலக வளாகம் 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் நிர்வாக உத்தரவு வேறு, சட்டம் வேறு. நாடாளுமன்றம் 1972-இல் இயற்றிய தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, கையெழுத்துச் சுவடி போன்றவை நீங்கலாக, 100 ஆண்டுகள் கடந்தவையே தொல்பொருள். இந்த நாற்காலிகள் 2050-களில்தான் அந்த வயதை எட்டும். அதற்குள் எத்தனை மிஞ்சுமோ?

சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே நமது கருத்து. நூறு ஆண்டு ஆகாத படைப்பையும், அதன் ஆசிரியர் உயிரோடு இல்லாதபட்சத்தில், 'கலைச் செல்வம்' என அறிவிக்க மத்திய அரசுக்கு அதே சட்டம் அதிகாரம் தருகிறது. ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில் ஆகியோரின் ஓவியங்கள் அவ்வாறு காக்கப்படுகின்றன. ழான்னரே 1967-இல் மறைந்துவிட்டார். நாற்காலி எப்படிக் கலைப்படைப்பாகும் என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கான பதிலை அமைச்சர் அவையில் சொல்லட்டும். கேட்க வேண்டியவர்கள் உறுப்பினர்கள்.

விற்றவை திரும்பப் போவதில்லை. எஞ்சியவற்றில் பிரம்பு கிழிந்தால், கழித்துவிடாமல் பின்னித் தரவும், தளர்ந்த காலை இறுக்கவும் கைதேர்ந்த தச்சர்களைச் சண்டீகர் நிர்வாகம் நிரந்தரப் பணியில் அமர்த்தலாம். ஒரு நாற்காலியின் ஏல விலையே அவர்களுக்குப் பல மாதச் சம்பளமாகும்.