அரைநாள் தரிசனம்

பிரான்ஸிலிருந்து திரும்பி வந்த மூன்றாம் நாள் மாலை, எதிர்வீட்டு ஓவர்சியர் என்னைப் பார்க்க வந்தார். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் வாய்க்காலோடும் மதகோடும் மல்லாடிவிட்டு ஓய்வு பெற்றவர். குளிர் எப்படி, சோறு கிடைத்ததா, செலவு எவ்வளவு என்று வெளிநாடு போய் வந்தவனிடம் எல்லோரும் கேட்பார்களே, அந்தக் கேள்விகளை அவர் கேட்கவில்லை. செல்பேசியில் நான் பெருமையோடு தள்ளிக்கொண்டே போன படங்களில் ஒன்றை மட்டும் நிறுத்தச் சொன்னார்.

"இது என்ன சார், பாலமா?"

"ரோமானியர் கட்டியது. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷப் பழசு. மூன்று அடுக்கு. நாற்பத்தொன்பது மீட்டர் உயரம்" என்று ஒப்பித்தேன்.

"மேலே என்ன போயிற்று?"

"தண்ணீர்."

"எங்கேயிருந்து?"

"ஏதோ ஓர் ஊற்றிலிருந்து."

"எங்கே போயிற்று?"

"ஏதோ ஓர் ஊருக்கு."

"வாட்டம் எவ்வளவு?"

நான் விழித்தேன். அவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். மனுஷர் உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்டார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

பார்த்தேன் ஐயா, பார்த்தேன். நாற்பத்தைந்து நிமிஷம் பார்த்தேன். அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தெற்குப் பிரான்ஸில் அவிஞோன் என்ற நகரிலிருந்து அரைநாள் சுற்றுலாக்கள் பல புறப்படுகின்றன. ரோமானியச் சின்னங்களையும் இடைக்கால ஊர்களையும் ஒரே பிற்பகலில் காட்டிவிடுவதாக வாக்களித்த ஒன்றுக்கு நானும் பணம் கட்டினேன். எட்டுப் பேர் உட்காரும் வேன். பகல் ஒரு மணிக்குப் புறப்பாடு, மாலை ஆறு மணிக்குத் திரும்புதல். முதலில் பான் து கார் என்ற ரோமானியப் பாலம், 45 நிமிஷம். (கார் என்றதும் மோட்டாரை நினைக்க வேண்டாம். கீழே ஓடும் கார்தோன் ஆற்றை ஒட்டி வந்த பெயர்.) அடுத்து உஸெஸ் என்ற இடைக்கால ஊர், 40 நிமிஷம். கடைசியில் நீம் நகரத்து ரோமானிய வட்டரங்கு, 45 நிமிஷம். மிச்ச நேரம் முழுவதும் சாலை.

பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடந்து போய்த் திரும்பவே கால் மணி ஆகும். மீதி அரைமணியில் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் படம் பிடித்தோம். பிறகு இடம் மாற்றிக்கொண்டு மறுபடியும் பிடித்தோம். வழிகாட்டியாக வந்த பெண் நல்லவள், விஷயம் தெரிந்தவள். மேல் அடுக்கைக் காட்டி, "அங்கேதான் தண்ணீர் ஓடியது" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "உஸெஸ் காத்திருக்கிறது" என்றாள். ஊர் எங்கே காத்திருக்கிறது? எண்ணூறு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது. காத்திருக்காதது கம்பெனியின் அட்டவணைதான்.

உஸெஸில் வட்ட வடிவமான ஒரு மணிக்கோபுரம் பார்த்தோம், 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வளைவுகள் சூழ்ந்த சந்தைச் சதுக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றோம். நீம் நகரில் வட்டரங்கை வெளிப்புறமாக ஒரு சுற்றுச் சுற்றினோம். ஆறு மணிக்கு அவிஞோன். மூன்று ஊர் பார்த்த திருப்தியோடு படுத்துத் தூங்கினேன்.

ஓவர்சியர் போன பிறகு தூக்கம் வரவில்லை. புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டப் புரட்டத்தான், என்னிடமிருந்து எதைத் திருடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

அந்தப் பாலத்தின் மேல் ஓடிய தண்ணீர் உஸெஸ் ஊரின் கீழ்ப்பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள ஊற்றிலிருந்து வந்தது. நான் ஐஸ்கிரீம் தின்ற இடத்திலிருந்து இறங்கி நடந்தே போகலாம். பாலத்தைக் கடந்த தண்ணீர் போய்ச் சேர்ந்த நகரம் நீம். அங்கே தண்ணீரை வாங்கி நகரத்துக்குப் பங்கிட்ட வட்டத் தொட்டி இன்றைக்கும் தெருவோரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஆறு மீட்டர் குறுக்களவு. அதன் சுவரில், ஈயக் குழாய்கள் புறப்பட்ட பத்துத் துவாரங்கள். மண் மூடிக் கிடந்ததை 1844-இல் கண்டுபிடித்தார்கள். வட்டரங்கைச் சுற்றிய நாங்கள் இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருந்தால் அதையும் பார்த்திருப்போம்.

ஆக, அன்று பிற்பகல் அந்த வேன் எங்களை ஒரே வாய்க்காலின் தலைக்கும் இடைக்கும் கடைக்கும் அழைத்துப் போயிருக்கிறது. அழைத்துப் போனதே தவிர, மூன்றும் ஒன்று என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு தொடர்கதையில் நடு அத்தியாயத்தை முதலில் கொடுத்து, பிறகு முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் கொடுத்து, இவை மூன்றும் வெவ்வேறு கதைகள் என்று நம்பவும் வைத்தால் வாசகர்கள் விடுவீர்களா? பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் பறக்காதா? காசு கொடுத்து வேனில் ஏறிய நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இனி ஓவர்சியர் கேட்ட வாட்டம். உஸெஸுக்கும் நீமுக்கும் இடையே பறவை பறக்கும் தூரம் 20 கிலோமீட்டர்தான். குறுக்கே குன்றுகள் இருப்பதால் வாய்க்கால் வளைந்து வளைந்து 50 கிலோமீட்டர் போகிறது. இந்த 50 கிலோமீட்டருக்கும் சேர்த்து மொத்த இறக்கம் பன்னிரண்டரை மீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு சாணுக்குச் சற்று அதிகம். இதை நான் சொன்னபோது ஓவர்சியர் எழுந்து நின்றுவிட்டார். "ஒரு சாணா! எந்த லெவல் கருவியை வைத்துச் சார் பிடித்தான்?" என்றார். உயரத்தைச் சொன்னபோது அசையாத மனுஷர் இறக்கத்தைச் சொன்னதும் எழுந்தார். எங்களுக்கு உயரத்தைத்தான் காட்டினார்கள். ஏனென்றால் உயரம் படத்தில் விழும், வாட்டம் படத்தில் விழாது. ஊற்றில் புறப்பட்ட தண்ணீர் நகரத்தை அடைய ஏறத்தாழ ஒரு நாள் பிடித்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கே ஒரு நாள் பிடித்த வழியை நாங்கள் ஐஸ்கிரீம் உட்பட அரைநாளில் முடித்துவிட்டோம்!

இரண்டாவது மோசடி அதன் தலைப்பிலேயே இருக்கிறது. ரோமானியச் சின்னம் ஒரு பெட்டி, இடைக்கால ஊர் இன்னொரு பெட்டி. ரோமானியர் பிரமாதமாகக் கட்டினார்கள், இடைக்காலத்தார் அழகாகக் குடியிருந்தார்கள், இவர்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது என்பது போன்ற பாவனை. இது பொய்.

வாய்க்கால் தூர்ந்து தண்ணீர் நின்ற பிறகு அந்தப் பாலம் எப்படிப் பிழைத்தது? அக்கம்பக்கத்து ஜனங்கள் அதை ஆற்றைக் கடக்கும் வழியாக்கிக்கொண்டார்கள். இரண்டாவது அடுக்குத் தூண்களின் ஓரத்தைச் செதுக்கிக் கோவேறு கழுதைகளுக்குப் பாதை விட்டார்கள். கடப்பவர்களிடம் பிரபுக்கள் சுங்கம் வாங்கினார்கள். சுங்கம் வருகிற பாலத்தை எவன் இடிய விடுவான்? செதுக்கியது தூணுக்குச் சேதந்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கழுதைகள் நடந்திராவிட்டால் படம் பிடிக்க நமக்கு இன்று பாலமே இருந்திராது. பக்கத்தில் ஒட்டினாற்போல் சாலைப் பாலம் வந்தது 1740-களில்தான்.

இன்னொன்று கேளுங்கள். அந்த ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஓடிய காலமெல்லாம் வாய்க்கால் சுவரில் அது படிந்து படிந்து கல்லாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அந்தப் படிவத்தைப் பாளம் பாளமாக வெட்டியெடுத்து வீடு கட்டினார்கள், மாதா கோயில் கட்டினார்கள். அதாவது, ரோமானியர் விட்ட தண்ணீரே இடைக்காலத்துச் சுவரில் கல்லாக நிற்கிறது. இதில் எதை எந்தப் பெட்டியில் போடுவது?

நீம் வட்டரங்கின் கதை இன்னும் கனமானது. ரோமாபுரி சரிந்த பிறகு ஜனங்கள் அதற்குள்ளே குடிபுகுந்தார்கள். வளைவுகளை அடைத்து வீடாக்கினார்கள். உள்ளே தெரு இருந்தது, கோயில் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில்கூட அங்கே சுமார் எழுநூறு பேர் வாழ்ந்தார்கள். ரோமானியச் சின்னமும் இடைக்கால ஊரும் ஒரே சுவருக்குள் இருந்தன. 1786-இல் வீடுகளை அகற்ற ஆரம்பித்து, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முடித்தார்கள். பிறந்தவன், மணந்தவன், கடன் பட்டவன், செத்தவன் என்று ஆயிரம் வருஷத்துக்கு மேல் அங்கே புழங்கிய வாழ்க்கையைத் துடைத்துவிட்டு, அதற்குமுன் சில நூற்றாண்டுகள் மிருகங்களோடு மனிதன் சண்டையிட்ட இடத்தை மீட்டுக் கொடுத்தார்கள். அதைத்தான் நாங்கள் பார்த்தோம். 'மிகச் சிறப்பாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது' என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். எழுநூறு பேரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ரூஸோவைக்கூட இந்த விஷயத்தில் நான் மன்னிப்பதாக இல்லை. 1737-இல் அவர் இந்தப் பக்கம் வந்தார். நீம் வட்டரங்கைச் சுற்றியும் உள்ளேயும் இருந்த சின்னஞ்சிறு வீடுகள் அசிங்கமாயிருப்பதாக முகம் சுளித்தார். ஏழை எளியவருக்காகப் பேசிய மகான் அந்த வீடுகளில் அடுப்பெரிந்ததைக் கவனிக்கவில்லை போலும்! ஆனாலும் ஒரு பெருமையை அவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பான் து கார் பாலத்தில் அவர் பல மணி நேரம் மெய்ம்மறந்து நின்றார். கைக்கடிகாரம் காட்டி அவரைக் கூப்பிட அங்கே யாரும் இல்லை.

பழைய நாளில் பிரான்ஸில் கல்தச்சர்கள் தொழில் கற்றுக்கொள்ள ஊர் ஊராக, வருஷக் கணக்கில் சுற்றுவார்கள். அந்தச் சுற்றில் இந்தப் பாலத்தைப் பார்க்காமல் போவதில்லை. தங்கள் பெயரையும் உளி, சுத்தி, மூலைமட்டம் இவற்றின் உருவங்களையும் கல்லில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழிரண்டு அடுக்கிலும் காரை பூசாமலே கல்லைக் கல்லின் மேல் நிறுத்தியிருக்கிறானே, எப்படி நிறுத்தினான் என்று தடவித் தடவிப் பார்த்திருப்பார்கள். அவர்கள் போனதும் சுற்றுலாதான், நான் போனதும் சுற்றுலாதான். வார்த்தை ஒன்றுதான்!

இவ்வளவு பேசுகிறவனை மடக்க ஒரு கேள்வி உண்டு. அந்த வேனிலேயே அதை நான் கேட்டேன். கனடாவிலிருந்து தனியாக வந்திருந்த ஓர் அம்மாள், ஓய்வு பெற்ற ஆசிரியை, முழங்கால் வலியோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நேரம் போதவில்லை என்று நான் முணுமுணுத்தபோது, "எனக்கு இருப்பது இந்த ஒரு பிற்பகல்தான். இந்த வேன் இல்லாவிட்டால் இதுவும் கிடையாது" என்றார். நியாயமான வார்த்தை. லீவும் பணமும் உடம்பும் அளவாய் இருப்பவர்களிடம் போய், 'ஒரு மாதம் தங்கிப் பார்' என்று உபதேசம் செய்வது பணக்காரத்தனம். அதை நான் செய்ய மாட்டேன்.

நான் கேட்பது வேறு. அதே வேன், அதே பெட்ரோல், அதே ஐந்து மணி நேரம், அதே வழிகாட்டிப் பெண். முதலில் உஸெஸ் ஊற்று, அடுத்தது பாலம், கடைசியில் நீம் தொட்டி. தண்ணீர் போன வழியே போவது. ஊற்றங்கரையில் நிறுத்தி, 'இந்தத் தண்ணீர் பன்னிரண்டரை மீட்டர்தான் இறங்கும், 50 கிலோமீட்டர் போகும், நாமும் கூடவே போவோம்' என்று அந்தப் பெண் சொன்னால் போதும். வலிக்கிற முழங்காலுக்குக் கூடுதலாக என்ன கஷ்டம்? கம்பெனிக்குத்தான் என்ன நஷ்டம்? நேரம் போதாது என்பது சாக்கு. ஒன்றைச் சொல்லுவதைவிட மூன்றைக் காட்டுவது விற்கும் என்பதுதான் காரணம். மூன்று வாங்கினோம் என்று நினைக்கிற நாம் இருக்கிறவரையில் அது விற்கத்தான் செய்யும். அதனால், கம்பெனியைத் திட்டுவதில் பாதியை எனக்கே வைத்துக்கொள்கிறேன். வாசகர்களில் அடுத்த பிரயாணத்துக்கு டிக்கெட் வாங்கியிருப்பவர்களும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். இன்னும் நிறைய இருக்கிறது.

நான் படித்ததையெல்லாம் கேட்டுவிட்டு, ஓவர்சியர் ஒரு தாளை வாங்கி வாய்க்காலைப் படம் போட்டார். ஊற்று, வளைவுகள், பாலம், தொட்டி. ஓரத்தில் வாட்டத்தையும் குறித்தார். கடல் தாண்டாத மனுஷர் அவர். முக்கால் மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய படங்களை மறுபடியும் அவர் கேட்கவில்லை.